கிராம நூலகத்திற்கு நிதியும் பயிற்சியும்

மீள்குடியேறிய கிராமங்களிலும், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப வழியின்றி உறவினர் வளவுகளிலும் வாடகை நிலங்களிலும் வாழும் குடும்பங்களிடையேயும் நாம் கூட்டங்கள் நடத்துவதுண்டு. கிணறு, வீதி, விதைநெல் என்று கோரிக்கைகள் வந்து முடியும் தறுவாயில் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழும்பி, "சுவாமி, பிள்ளையள் இருந்து படிக்க ஒரு வாசிகசாலை கட்டித் தாங்கோ" என்பார். இக்கோரிக்கையை நாம் கடைசிக் கோரிக்கையாக எண்ணுவதில்லை. பல தடவை இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் பிள்ளைக்கு வீட்டில் மேசை இல்லை, விளக்கு வெளிச்சம் போதாது, பாடப் புத்தகம் தவிர வேறு அச்செழுத்து இல்லை. தகப்பனுக்கோ பயிரில் விழுந்த நோய் என்ன, மானியப் படிவம் எங்கே, காணி பற்றிய அறிவித்தல் என்ன சொல்கிறது என்று கேட்டறிய ஓர் இடம் இல்லை. இவ்விரண்டுக்கும் ஒரு சிறு நூலகம் உதவும். ஆகவே கிராம நூலகமொன்றுக்கு உதவிகள் எங்கே உள்ளன, அவற்றை எப்படிக் கேட்பது, நூலகத்தை நடத்துவோருக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டடத்துக்கு உதவி கிடைப்பது பெரிய கடினமல்ல. புத்தகம் கிடைப்பது அதிலும் இலகு. கடினமானது, மாலை நான்கு மணிக்குத் தவறாமல் கதவைத் திறக்க ஓர் ஆளும் வருடாவருடம் வரும் செலவுக்குப் பணமும்தான். இவ்விரண்டையும் ஒழுங்கு செய்யாமல் கட்டிய வாசிகசாலைகளை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். வாசலில் உபகரித்தவரின் பெயர் பொறித்த கல் பளபளக்கும். கதவில் பூட்டு. உள்ளே எங்கோ தூர தேசத்திலிருந்து வந்த ஆங்கிலப் புத்தகப் பெட்டிகள் திறக்கப்படாமலே கறையான் அரித்துக் கிடக்கும். பனிமழையில் வாகனம் ஓட்டுவது எப்படி என்ற நூலொன்றை அப்படியான பெட்டியொன்றில் கண்டோம். கொடுத்தவரிடம் குறை காணமாட்டோம். கிராமம் தனக்கு வேண்டியது இன்னதென்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கொடுப்பவர் கேட்ட கேள்வி

நூலகங்களுக்கு அதிகமாக அள்ளிக் கொடுத்தவர் என்று உலகம் அறிந்தவர் அன்ட்ரூ கார்னெகி. இவர் ஸ்கொட்லாந்தில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன். நீராவித் தறி வந்து தொழில் நொடித்ததால் குடும்பம் 1848இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன பிள்ளை என்றே சொல்லலாம். பள்ளிப் படிப்பைத் தொடர வழியற்று வேலைக்குப் போன அச்சிறுவனுக்கு, அவ்வூரில் கேணல் ஜேம்ஸ் அண்டர்சன் என்பவர் தமது வீட்டிலிருந்த சுமார் 400 நூல்களைச் சனிக்கிழமைகளில் இரவல் கொடுத்தார். வேலை செய்யும் பையன்கள் எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. பிற்காலத்தில் உருக்குத் தொழிலில் பெருஞ்செல்வரான கார்னெகியின் பணத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. முதலாவது, அவர் பிறந்த டன்பேர்ம்லின் பட்டினத்தில் 1883இல் திறக்கப்பட்டது.

நமக்கு முக்கியமானது அவர் கொடுத்த தொகையல்ல, விதித்த நிபந்தனை. நிலத்தை ஊர் தர வேண்டும். கட்டடத்துக்குக் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் ஊர்ச் சபை தன் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்குச் செலவிடுவதாக எழுதித்தர வேண்டும். பத்தாயிரம் டொலர் வாங்கும் ஊர் வருடம் ஆயிரம் டொலர் ஒதுக்க வேண்டும். மறுத்த ஊர்களும் இருந்தன. இன்று நம்மிடம் வரும் உதவி நிறுவனங்கள் 'நிலைத்து நிற்கும் தன்மை' என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு பகுதி வைத்திருக்கின்றனவே, அதற்குள் இருப்பதும் இதே கேள்விதான்: நாங்கள் போன பின்பு யார் நடத்துவார்?

யாழ்ப்பாணம் காட்டிய வழி

வெளியுதாரணம் எதற்கு, நமது வீட்டிலேயே ஒன்று உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் 1981 ஜூன் முதலாம் திகதி இரவில் எரிந்த சுமார் 97,000 நூல்களே எல்லோர் நினைவிலும் வரும். அது எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அது தொடங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோர் குறைவு. 1933இல் நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த க. மு. செல்லப்பா தமது வீட்டில் சில நூல்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவ்வருடம் டிசம்பரில் பொது நூலகம் ஒன்று வேண்டுமென்று ஊராருக்கு ஒரு வேண்டுகோள் வெளியிட்டார். குழு அமைந்தது, பணம் சேர்ந்தது. 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. கட்டடம் இல்லை, சொந்தக் காணியும் இல்லை. மறு வருடமே அதனை நகரச் சபை பொறுப்பேற்றது.

பிள்ளை ஒருவர் வீட்டில் பிறந்து, ஊரின் கையில் வளர்ந்து, சபையின் செலவில் நின்றது என்று இதனைச் சொல்லலாம். பெரிய கட்டடம் பற்றிய யோசனை பின்னரே வந்தது. அதற்கும் களியாட்ட விழா நடத்திப் பணம் சேர்த்தார்கள். வண. லோங் அடிகளார் அம்முயற்சியில் முன்னின்றார். இந்தியாவின் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டது. 1954இல் அடிக்கல், 1959இல் திறப்பு விழா. வாடகை அறைக்கும் வெள்ளை மாளிகைக்கும் இடையில் 25 வருடங்கள். எரிந்த பின்பு அது திருத்தப்பட்டு, போரில் மீண்டும் சிதைந்து, 2004இல் மறுபடி வாசகருக்குத் திறக்கப்பட்டது. இன்றும் மாநகர சபையே அதனை நடத்துகிறது.

காணி இல்லாதவருக்கு

"எங்களுக்கு நிற்க நிலமில்லை, நூலகத்துக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காணியில் கட்டடம் போட எந்த நிறுவனமும் முன்வராது; வந்தாலும் நாளை காணிக்காரர் எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும். ஆனால் நூலகத்துக்குக் கட்டடம் கட்டாய நிபந்தனையல்ல. 1931 ஒக்ரோபரில், அன்றைய தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியில், கனகசபைப்பிள்ளை என்ற பொறியியலாளரின் முயற்சியால் மாட்டுவண்டில் நூலகம் ஒன்று புறப்பட்டது. தொடக்கி வைத்தவர் மேலே சொன்ன இரங்கநாதன். கூண்டு வண்டிலில் நூல்களை அடுக்கி, வயலும் வாய்க்காலும் தாண்டிக் கிராமம் கிராமமாகப் போய் இரவல் கொடுத்து, திரும்ப வாங்கி வந்தார்கள்.

நமது குடும்பங்களுக்கு இதைவிடச் சிறிய ஒழுங்கு போதும்: ஒரு றங்குப் பெட்டி. எண்பது தொடக்கம் நூறு நூல்கள், ஒரு சேர்விலக்கப் பதிவேடு, ஓர் இரவல் கொப்பி. பெட்டி ஒரு வீட்டு விறாந்தையில் மாதம் ஒன்று இருக்கும்; பிறகு அடுத்த குறிச்சிக்கு. நான்கு குறிச்சிகள் நான்கு பெட்டிகளை வைத்து மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் முந்நூறு நானூறு நூல்கள் எட்டும். இடம்பெயர நேர்ந்தால் பெட்டியும் கூட வரும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்டவர்களுக்கு, தூக்கமுடியாத அலுமாரிக்கும் தூக்கக்கூடிய பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் விளக்கத் தேவையில்லை. பதிவேட்டின் பிரதி ஒன்றை மட்டும் வேறொருவர் வீட்டில் வைத்திருங்கள்.

யாரிடம் கேட்பது?

முதலில் போக வேண்டிய இடம் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நூலகங்களை அமைத்து நடத்தும் அதிகாரத்தைச் சபைக்குத் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரி என்று தனியாக அறவிட்டு நூலகத்துக்கே செலவிடுகிறார்கள். கேரளத்திலும் அப்படியொரு வரி உண்டு. அங்கே பி. என். பணிக்கர் 1945இல் 47 கிராம நூலகங்களை ஒரு சங்கமாகச் சேர்த்துத் தொடங்கிய இயக்கம் சட்டம்வரை போனது. நமது நாட்டில் அப்படித் தனி வரி கிடையாது. சபை விரும்பி ஒதுக்கினால்தான் பணம். ஆகவே கேட்கும் காலம் முக்கியம். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் வருட இறுதிக்குள் நிறைவேறும். தைப்பொங்கலுக்குப் பின் கடிதம் கொண்டு போனால் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற பதிலே வரும். செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் கொடுங்கள். வரவுசெலவுத் திட்டத்துக்குப் பொதுமக்களின் முன்மொழிவுகளைக் கோரிச் சபைகள் அறிவித்தல் ஒட்டுவதும் உண்டு. அதைக் கண்ணில் வைத்திருங்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல்வரை உறுப்பினர் இல்லாமலே அவை இயங்கின. இப்போது உங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே நூலகங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அது எங்கே செலவானது என்று அறிய விரும்பினால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சண்டை பிடிப்பதற்காக இதைப் பாவிக்கச் சொல்லவில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டு கேட்பவரைச் சபை வேறுவிதமாகவே மதிக்கும்.

உங்கள் சனசமூக நிலையத்தைச் சபையில் பதிவு செய்திருக்கிறீர்களா? இடம்பெயர்வில் பதிவுப் பத்திரம் தொலைந்து, நிர்வாகம் கலைந்து, பெயர் மட்டும் மிஞ்சிய நிலையங்கள் ஏராளம். பொதுக்கூட்டம் கூட்டி, நிர்வாகம் தெரிந்து, கூட்ட அறிக்கையையும் வங்கிக் கணக்கையும் சீர்செய்து பதிவைப் புதுப்பியுங்கள். பதிவுள்ள நிலையங்களின் வாசிகசாலைக்குப் பல சபைகள் வருடாந்தம் ஒரு சிறு கொடுப்பனவு தருகின்றன. தொகை சிறிதுதான். ஆயினும் அடுத்த இடத்தில் உதவி கேட்கும்போது பதிவிலக்கமும் ஒழுங்கான கணக்குமே முதலில் கேட்கப்படும்.

அடுத்தது, தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. 1970இல் தேசிய நூலகச் சேவைகள் சபையாகத் தொடங்கி, 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் இப்பெயர் பெற்ற அரச நிறுவனம் இது. கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகமும் இதன் கீழேதான் இயங்குகிறது. நாட்டின் நூலகங்களை வளர்ப்பது இதன் கடமைகளில் ஒன்று. நூலகம் அமைப்போருக்கு ஆலோசனையும் நூலகருக்குப் பயிற்சி வகுப்புகளும் இதனால் நடத்தப்படுகின்றன. தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதினால் பதில் வராதென்ற எண்ணத்தில் ஒருவரும் எழுதாமல் விட்டால் தமிழ்க் கிராமங்களின் தேவை அங்கே எவருக்கும் தெரியவராது.

பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி தளபாடத்துக்கும் கூரைத் திருத்தத்துக்கும் உதவும். வருடச் செலவுக்கு அதை நம்பக் கூடாது. மாகாண சபை உறுப்பினரிடம் கேட்கலாம் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். கிழக்கில் 2017 முதலும் வடக்கில் 2018 முதலும் அப்படி உறுப்பினர் எவரும் இல்லை.

புலம்பெயர்ந்த உறவினரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் "புத்தகம் அனுப்புங்கோ" என்று கேளாதீர்கள். கப்பற் கூலிக்குக் கொடுக்கும் காசில் இங்கே இரண்டு மடங்கு தமிழ் நூல் வாங்கலாம். "எங்கள் வாசிகசாலைப் பொறுப்பாளரின் ஒரு வருடப் படியை நீங்கள் ஏற்க முடியுமா?" என்று கேளுங்கள். பெயர்க்கல் வைக்க முடியாத செலவு இது. ஆதலால் கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அப்படியிருந்தும் கேளுங்கள். எவர் தந்தாலும், வேண்டாத நூலை மரியாதையாக மறுக்கும் உரிமையை நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது

நீண்ட முகவுரை வேண்டாம். எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், கிட்டிய நூலகம் எத்தனை கிலோமீற்றரில், அங்கே போக பஸ் உண்டா என்பதை எழுதுங்கள். பிறகு வருடச் செலவு. உதாரணமாகப் பத்திரிகை ஒன்று 80 ரூபா என்று வைத்துக்கொண்டால், 300 நாட்களுக்கு 24,000 ரூபா. இரண்டு பத்திரிகை என்றால் 48,000. உங்கள் கடையில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக் கணக்கிடுங்கள். 2022இன் நெருக்கடியில் கடதாசி விலை ஏறியதும் பத்திரிகைகள் பக்கம் குறைந்ததும் நினைவிருக்கும். ஆகவே கணக்கில் கொஞ்சம் இடம் விடுவது புத்தி. பொறுப்பாளரின் மாதப் படி, மின்சாரம், புதிய நூல், கிழிந்த நூல் கட்டுதல் என்பன அடுத்து. இவற்றில் எதை ஊர் ஏற்கும் என்பதைத் தனியாகக் காட்டுங்கள். பணமாக இல்லாவிட்டால் பரவாயில்லை. அறுவடைக்குப் பின் வீட்டுக்கு ஒரு கொத்து நெல் சேர்த்து விற்று மின்சாரப் பட்டியலைக் கட்டலாம். மாதர் சங்கம் முறைவைத்துக் கூட்டித் துப்புரவாக்கலாம். ஊரின் பங்கு எழுதப்படாத விண்ணப்பத்தை நாமே எமது பணிமனையில் இரண்டாந் தரமாகவே பார்ப்போம்.

பயிற்சி

நூலகம் நடத்துவது புத்தகத்துக்குக் காவல் இருப்பதல்ல. ஒரு நூலைச் சேர்விலக்கமிட்டுப் பதிவது, பகுப்பது, இரவல் கொடுத்துத் திரும்பப் பெறுவது, வந்தவர் தேடுவது என்ன என்று கேட்டறிவது எல்லாம் கற்கவேண்டிய வேலை. தூவி தசமப் பகுப்பில் விவசாயம் 630 என்ற எண்ணின்கீழ் வரும். இதைத் தெரிந்த பிள்ளை, மிளகாய்ச் செய்கை நூலை வருகிறவர் கையில் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடும். தெரியாத பிள்ளை அலுமாரி முழுவதையும் கிளறும்.

இலங்கை நூலகச் சங்கம் 1960இல் தொடங்கப்பட்டது. நூலகவியலில் படிப்படியாகத் தேறி டிப்ளோமாவரை செல்லும் பாடநெறியை இது நடத்துகிறது, தமிழிலும் படிக்கலாம். சேர்வதற்கான தகைமையும் கட்டணமும் விண்ணப்பம் கோரும் விளம்பரத்தில் இருக்கும். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1999இல் அமைந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் இதற்கு மேற்பட்ட படிப்புக்குரியது. நமது கிராமத்துப் பிள்ளை ஒன்று அங்கே போய்ச் சேருமானால் மகிழ்ச்சி. ஆனால் நாளைக்கே வாசிகசாலையைத் திறக்க அது தேவையில்லை. கிட்டிய பிரதேச சபை நூலகத்தின் நூலகரிடம் கடிதத்தோடு போய், ஒரு வாரம் கூடவிருந்து வேலை பழக இடம் கேளுங்கள். நாம் கேட்டு அனுப்பிய இடங்களில் பெரும்பாலும் மனமுவந்தே சொல்லிக் கொடுத்தார்கள். பதிவேட்டை நிரப்பவும் எண் ஒட்டவும் அந்த ஒரு வாரம் போதும்.

எப்போதும் இருவரைப் பழக்குங்கள். நன்றாகப் பழகிய பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்கும், அல்லது கலியாணமாகி வேறூர் போகும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒருவரை மட்டும் பழக்கிய வாசிகசாலை அந்தத் தினத்திலேயே பூட்டிக்கொள்ளும். இரண்டாமவராக வீட்டோடு இருக்கும் நடுத்தர வயதுப் பெண் ஒருவரைத் தெரிந்தால் நல்லது. போரில் கணவரை இழந்த தாய்மார் பலர் இப்பணியை மிகப் பொறுப்பாகச் செய்வதைக் கண்டிருக்கிறோம். படி கொடுக்காமல் "சேவை" என்று சொல்லி அவர்களிடம் வேலை வாங்குவதை மட்டும் நாம் ஏற்கமாட்டோம்.

பெட்டியில் அல்லது அலுமாரியில் என்ன வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பாதி சிறுவர் நூல்கள். பிறகு விவசாயத் திணைக்களத்தின் தமிழ்த் துண்டுப் பிரசுரங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் கிடைக்கும். அவருடைய பெயரையும் வரும் நாளையும், விவசாய ஆலோசனைக்கான 1920 என்ற தொலைபேசி இலக்கத்தையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். காணி, பிறப்பு, இறப்புப் பதிவு, உதவித்தொகை பற்றிய மாதிரிப் படிவங்களுக்கு ஒரு கோவை. எவரிடமாவது நல்ல தொலைபேசி இருந்தால், 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் ஊர்க் கோயில் மலரோ பாடசாலை மலரோ எவரிடமாவது தப்பிப் பிழைத்திருந்தால், அதையும் அவர்களுக்கு அறிவியுங்கள்.

மாதாந்தக் கூட்டத்தில் கலந்துரையாட

எமது கிராமத்தில் மாலை நான்கு மணி தொடக்கம் ஆறு மணிவரை தவறாமல் இருக்கக்கூடிய இருவர் யார்? அவர்களின் படியில் ஊர் ஏற்கும் பங்கு எவ்வளவு?

எமது சனசமூக நிலையத்தின் பதிவு கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது? பத்திரம் யார் கையில் இருக்கிறது?

இந்த வருட வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுவது யார், கொண்டுபோவது யார், எந்தத் திகதியில்?